தேர்வெழுதிப் பெறும் கிரெடிட்: யாருக்கு எந்த வழி ஒத்துவரும்?

வகுப்பறையில் முழுப் பருவமும் உட்காராமல், ஒரு தேர்வை எழுதியோ கையில் இருக்கும் தொழிலறிவைக் காட்டியோ பட்டப்படிப்புக்கான கிரெடிட்டை, அதாவது பாடம் முடித்ததற்குக் கணக்கில் ஏறும் அலகை, சேர்க்கச் சென்னைவாசிகளுக்கு இன்று குறைந்தது ஐந்து வழிகள் உண்டு. மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் வரும் என்பிடெல் தேர்வுகள், ஐஐடி மெட்ராஸின் பிஎஸ் பட்டம், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ., வெளிநாடு செல்வோருக்கான ஏபி, கிளெப் தேர்வுகள், தொழில் அனுபவத்துக்கான அங்கீகாரம். விளம்பரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒருவருக்கு ஓராண்டை மிச்சப்படுத்தும் வழி இன்னொருவருக்குச் சட்டம் போட்டு மாட்டும் சான்றிதழோடு நின்றுவிடும்.

காரணம் எளிது. தேர்வை யார் நடத்தினாலும், அந்தக் கிரெடிட்டை ஏற்பதா என்று முடிவு செய்வது பட்டம் தரப்போகும் இடம். அதனால் முதலில் அந்த இடத்தில் கேட்க வேண்டும், பிறகுதான் தேர்வுக் கட்டணம். கேட்பதும் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது. எந்தப் பாடத்துக்கு ஈடாக, எத்தனை கிரெடிட், மதிப்பெண் சிஜிபிஏ என்ற மொத்தச் சராசரிக் கணக்கில் சேருமா, எந்தத் தேதிக்குள் சான்றிதழ் வந்து சேர வேண்டும் என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

என்பிடெல்: கல்லூரியில் இருந்துகொண்டே சேர்ப்பது

ஏற்கெனவே ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் இது. சான்றிதழ்ப் படிப்புகள் 2014 முதல் நடக்கின்றன. பாடத்தில் சேர்வதும் காணொளி பார்ப்பதும் இலவசம். நேரில் சென்று கணினியில் எழுதும் இறுதித் தேர்வுக்கு மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு. 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதிமுறைப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக முடிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். பல மாணவர்கள் இதைத் தங்கள் உரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. எந்தப் பாடங்களை ஏற்பது, எத்தனை ஏற்பது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரியும் தம் விதிமுறையில் தனியாக வைத்திருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் எலெக்டிவ் என்ற விருப்பப் பாடத்துக்குப் பதிலாகத்தான் ஏற்பார்கள். கட்டாயப் பாடத்தில் விழுந்த அரியரை என்பிடெல் எழுதிக் கழித்துவிடலாம் என்று சீனியர் சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

செய்ய வேண்டிய வரிசை இது. பாடப் பட்டியல் வந்ததும் உங்கள் துறை அங்கீகரித்த பட்டியலில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே படித்த பாடத்தோடு பெருமளவு ஒத்துப்போனால் பிறகு நிராகரிப்பார்கள். ஆகவே இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்து அலகு அலகாக ஒப்பிட்டுவிடுங்கள். 3 கிரெடிட் எலெக்டிவுக்கு 12 வாரப் பாடம் ஒன்றே பாதுகாப்பு. 8 வாரமும் 4 வாரமும் சேர்த்து 3 ஆக்குவதைச் சில கல்லூரிகள் ஏற்கும், சில ஏற்காது. அதன்பின் துறைத் தலைவரின் கையெழுத்தோடு விண்ணப்பத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவர் மாறிய பிறகு அந்த நகல்தான் பேசும்.

மதிப்பெண் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வாராந்திர அசைன்மெண்டுக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மெண்டுகளின் சராசரி எடுக்கப்படும், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3. தேர்ச்சிக்கு அசைன்மெண்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். அசைன்மெண்டில் 25-க்கு 25 வாங்கியவர் தேர்வில் நூற்றுக்கு 38 எடுத்தால் அது 75-க்கு 28.5 ஆகும். மொத்தம் 53.5 இருந்தும் சான்றிதழ் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் விடைகளைப் பார்த்து அசைன்மெண்ட் போடுவோருக்கு நேர்வது இதுதான். வாரம் தவறாமல் முழு மதிப்பெண் வரும், தேர்வறையில் கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் கை ஓடாது. அசைன்மெண்ட் தேதி முடிந்துவிட்டால் நீட்டிக்கவும் மாட்டார்கள். 12-இல் 4 விடுபடலாம் என்பதே உங்களுக்கான தளர்வு. அதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டால், கல்லூரி உள்தேர்வு வரும் வாரத்தில் கையில் எதுவும் மிஞ்சாது.

மொத்தம் 60 தாண்டினால் எலைட், 75-க்கு மேல் வெள்ளி, 90-க்கு மேல் தங்கம். வேலை விண்ணப்பத்துக்கு இது அழகு. கல்லூரி மதிப்பெண் பட்டியலில் அது எந்த கிரேடாக மாறும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில இடங்களில் வெறும் தேர்ச்சியாக மட்டும் பதிவாகும்.

அடுத்து நாள்காட்டி. பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். 12 வாரப் பாடங்களின் தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரையொட்டியும் வரும். முடிவுகள் வரச் சில வாரங்கள் ஆகும். எட்டாவது பருவத்தில் ஒரு எலெக்டிவை என்பிடெலுக்கு விட்டுவைத்தவருக்கு ஏப்ரல் தேர்வின் முடிவு வருவதற்குள் கல்லூரியின் கடைசித் தேதி போய்விடக்கூடும். ஒரு பாடத்துக்காகப் பட்டமே அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். நான்காண்டுப் படிப்பில் ஏழாம் பருவத்தோடும், மூன்றாண்டுப் படிப்பில் ஐந்தாம் பருவத்தோடும் இந்தக் கணக்கை முடித்துவிடுவதே நல்லது. பட்டத்துக்கு மேல் கூடுதலாக 18 கிரெடிட் சேர்த்து ஹானர்ஸோ (அதே துறையில் கூடுதல் ஆழம்) மைனரோ (வேறொரு துறையில் துணைத் தகுதி) வாங்க அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் வழி இருக்கிறது. அதை நினைப்பவர் ஐந்தாம் பருவத்திலேயே துறையில் பேசித் திட்டம் போட வேண்டும், கடைசி ஆண்டில் இடம் போதாது.

இனிஷியல் தகராறு

கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் ஏபிசி என்ற கிரெடிட் வங்கி 2021 ஜூலையில் வந்தது. 12 இலக்க எண்ணை டிஜிலாக்கரில் உருவாக்கிக்கொள்ளலாம். மாணவர் தாமாக எதையும் இதில் போட முடியாது, படிப்பு நடத்திய நிறுவனம்தான் போட வேண்டும். சேர்ந்த கிரெடிட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு ஆயுள். பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்துக் கடைசியில் ஓரிடத்தில் பட்டம் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் நடக்காது.

தமிழ்நாட்டில் இந்த வங்கியில் வரும் முதல் தலைவலி பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், கல்லூரிப் பதிவில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஆதார் விவரத்தோடு கல்லூரிப் பதிவு ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் உங்கள் கணக்கில் வந்து உட்காராது. என்பிடெல் தேர்வுக்குப் பதியும் முன் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்திவிடுங்கள். சான்றிதழில் ஏறிய பெயரை மாற்றுவதைவிட ஆதாரை மாற்றுவது எளிது.

ஐஐடி மெட்ராஸ் பிஎஸ்: தனியாகவே ஒரு பட்டம்

என்பிடெல் கிரெடிட் வேறொருவர் தரும் பட்டத்துக்குள் போய்ச் சேரும். 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு அப்படியில்லை, பட்டத்தையே ஐஐடி தருகிறது. ஜேஇஇ எழுதியிருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்தவரும், பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரம் நான்கு பாடங்களைப் படித்து, அசைன்மெண்ட் போட்டு, அந்தப் பாடங்களிலேயே தகுதித் தேர்வு எழுத வேண்டும். பொதுப்பிரிவினருக்கு ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் தேவை. மற்றப் பிரிவினருக்குக் குறைவு.

அடிப்படை நிலை 32 கிரெடிட். அதற்கு மேல் டிப்ளமோ நிலை 54. பிஎஸ்சி பட்டத்துக்கு மொத்தம் 114, நான்காண்டு பிஎஸ் பட்டத்துக்கு 142. எந்த நிலையில் நிறுத்தினாலும் அதற்குரிய சான்றிதழோடு வெளியேறலாம். கட்டணத்தைப் பாடம் பாடமாகக் கட்டுவதால் வேலைக்குப் போகிறவருக்கு இது வசதி. வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் கிடைக்கும். மேல்நிலைகளில் ஒரு கிரெடிட்டுக்கான கட்டணம் கூடும் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே கணக்கில் வையுங்கள்.

வேறொரு கல்லூரியில் நேரடிப் படிப்பில் இருப்பவரும் இதைச் சேர்த்துப் படிக்கலாம். இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க 2022-இல் யுஜிசி வழிவிட்டது. ஆனாலும் பி.இ. முதலாண்டிலேயே இரண்டையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வோம். வினாத் தேர்வுகளும் பருவ இறுதித் தேர்வும் நேரில் போய் எழுத வேண்டியவை. கல்லூரியின் உள்தேர்வுகளோடு அவை மோதும். ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடம் என்று எடுத்தால் தாங்கும்.

டிப்ளமோவிலிருந்து இரண்டாம் ஆண்டு பி.இ.

முன்பு படித்ததற்கு முழு ஓராண்டையே கழித்துக் கொடுக்கும், தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் ஏற்பாடு இது. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வில் மூன்றாம் பருவத்தில் நேரடியாகச் சேரலாம். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவரோ பிளஸ் டூ முடித்தவரோ பாலிடெக்னிக்கிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஓராண்டு மிச்சம் என்று சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் பிளஸ் டூ 2 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, ஆக 6. டிப்ளமோ 3, பி.இ. 3, அதுவும் 6. பத்து, ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. என்று போனால் 2, 2, 3, ஆக 7. காலத்தில் மிச்சம் ஏதுமில்லை. இந்த வழியின் பலம் வேறு. நடுவில் நின்றாலும் கையில் வேலைக்குரிய தகுதி இருக்கும். வீட்டில் பணமுடை வந்து ஓரிரு ஆண்டு அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தும் சேரலாம். அந்த உறுதி தேவைப்படும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியாது.

விழும் இடம் மூன்றாம் பருவக் கணிதம். மற்றவர்கள் முதலாண்டில் அணிகளும் நுண்கணிதமும், அடுத்து புள்ளியியலும் எண்முறைகளும் படித்துவிட்டு வந்திருப்பார்கள். இவர் நேராக உருமாற்றங்கள், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற பாடத்தில் வந்து இறங்குவார். முதல் அரியர் அங்கேதான். கலந்தாய்வுக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் வாரங்களில் பகுதி வகையிடல், பகுதிவாரித் தொகையிடல், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற மூன்றை மட்டும் நாளுக்கு ஒரு மணி நேரம் போட்டுப் பழகினால் ஃபூரியர் தொடர் பயமுறுத்தாது. இதற்கு என்பிடெல் காணொளிகளே போதும், தேர்வு எழுத வேண்டியதில்லை.

அமெரிக்கா போகிறவருக்கு: ஏபி, கிளெப்

இரண்டையும் நடத்துவது அமெரிக்காவின் காலேஜ் போர்டு அமைப்பு. ஏபி தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில், பள்ளி மாணவருக்கானது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. பல அரசுப் பல்கலைக்கழகங்கள் 3-க்கே கிரெடிட் தரும். பெயர்பெற்ற இடங்கள் 4 அல்லது 5 கேட்கும், சில இடங்கள் கிரெடிட் தராமல் மேல்நிலைப் பாடத்தில் உட்கார மட்டும் அனுமதிக்கும். கிளெப் எந்த வயதினரும் எழுதக்கூடியது. 34 பாடங்கள், பெரும்பாலும் 90 நிமிடத் தேர்வு, 20 முதல் 80 வரை மதிப்பெண், பொதுவாக 50 எடுத்தால் கிரெடிட். தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம்.

சென்னையிலிருந்து போகிறவருக்கு இரண்டில் ஏபியே பொருத்தம். இங்கே இருக்கும்போதே எழுதிவிடலாம். பிளஸ் டூ கணிதத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு கால்குலஸ் பிசி என்ற ஏபி நுண்கணிதத் தேர்வு பெரிய சுமையாக இருக்காது, பல இடங்களில் அது இரண்டு பருவக் கணிதத்துக்கு ஈடாகும். பெற்றோர் செலுத்தும் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தோடு ஒப்பிட்டால், நூற்றுச் சொச்சம் டாலர் தேர்வுக் கட்டணம் மிகச் சிறிய தொகை. ஆனால் ஆறேழு ஏபி எழுதி அடுக்குவதில் பயனில்லை. போகவிருக்கும் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் அட்டவணையை எடுத்து, உங்கள் பட்டத்துக்குத் தேவைப்படும் பாடத்துக்கு எது ஈடாகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். எதற்கும் ஈடாகாமல் பொதுக் கிரெடிட்டாக விழுவது படிப்பைக் குறைக்காது. சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தருகின்றன. அதையும் பார்த்துவிட்டுத்தான் ஏபிக்குப் பணம் கட்ட வேண்டும். மருத்துவம் நினைப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அங்குள்ள பல மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை அறிவியல் பாடங்களில் ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை.

போன பிறகு கிளெப் எழுத நினைப்பவர் விசா விதியை மறக்கக் கூடாது. எஃப்-1 விசாவில் இளநிலை படிப்பவர் பருவத்துக்கு 12 கிரெடிட் வகுப்புகளில் பதிந்திருக்க வேண்டும். கிளெப்பில் வந்த கிரெடிட் இந்த 12-இல் சேராது. ஆகவே அது மொத்தப் பருவங்களைக் குறைக்க உதவுமே தவிர, ஒரு பருவத்தை லேசாக்க உதவாது. படிப்பு முடித்துத் திரும்பி இங்கே அரசு வேலைக்கு முயல்பவருக்கு, அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு ஈடு என்று சொல்லும் இணைத்தன்மைச் சான்றிதழ் தேவைப்படும். பட்டத்தின் பெரும்பகுதியைத் தேர்வுகளாலேயே நிரப்பியவர் அந்த இடத்தில் கேள்விகளை எதிர்கொள்ள நேரலாம்.

பல ஆண்டு வேலை செய்தவருக்கு

கிண்டி தொழிற்பேட்டையில் பதினைந்து ஆண்டு லேத் ஓட்டியவருக்கும், மருத்துவமனையில் பத்தாண்டு உதவியாளராக இருந்தவருக்கும் அந்த அறிவைக் கிரெடிட்டாக மாற்ற முடியுமா? 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு முடியும் என்கிறது. 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட் என்பது அதன் அளவு. தொடர்புடைய பணி அனுபவம் இருந்தால் கிரெடிட்டை இருமடங்கு வரை கூட்டவும் அதில் இடமுண்டு.

காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் இன்று எளிதாகக் கிடைப்பது, முன்கற்றல் அங்கீகாரம் என்ற பெயரில் வரும் திறன் சான்றிதழ். சிறிய அறிமுக வகுப்பு, பிறகு செய்முறை மதிப்பீடு, தேறினால் தொழில் நிலையைக் குறித்த சான்றிதழ். வேலை மாறவும் வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பிக்கவும் இது கைகொடுக்கும். இதை நேராகப் பட்டப் படிப்பில் கழித்துக்கொள்ளும் கல்லூரிகள் இங்கே இன்னும் அரிது. பட்டம் கிடைக்கும் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எத்தனை கிரெடிட் என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே நேரில் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மதிப்பீட்டுக்குப் போகிறவர் ஆவணங்களை முதலில் சரிசெய்ய வேண்டும். 'இவர் இங்கே எட்டாண்டு பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரிக் கடிதம் பயன்படாது. எந்த இயந்திரம், எந்த அளவுத் துல்லியம், வரைபடம் பார்த்து வேலை செய்தாரா, யாருக்காவது கற்றுக்கொடுத்தாரா என்று வேலையின் விவரம் கடிதத்தில் இருக்க வேண்டும். மூடிப்போன பட்டறை என்றால் கடிதம் தர ஆள் இருக்க மாட்டார். அப்போது பி.எஃப். கணக்கின் பணி வரலாறும் சம்பளச் சீட்டும் காலத்துக்குச் சான்றாகும்.

பட்டமே வேண்டும் என்றால், வேலையோடு படிக்க மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இங்கேதான் பலருக்கு மிகப் பெரிய இழப்பு நேர்கிறது. பிளஸ் டூ இல்லாமல் ஆயத்தப் படிப்பு மட்டும் முடித்து, அதன்மேல் திறந்தநிலைப் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். பட்டம் செல்லும், ஆனால் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட பணியாளர் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை 107, பத்தும் பன்னிரண்டும் முடித்துப் பெற்ற திறந்தநிலைப் பட்டத்தையே ஏற்கிறது. டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்பில் வரிசையையும் பார்ப்பார்கள். பட்டம் வாங்கிய பிறகு பிளஸ் டூ எழுதி ஓட்டையை அடைக்க முடியாது.

ஆகவே அரசு வேலை எண்ணம் ஓரத்தில் இருந்தால்கூட முதலில் பன்னிரண்டாம் வகுப்பு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடங்கள் எழுதினால் போதும். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள், ஒவ்வொரு சுற்றிலும் முடிந்த பாடங்களை மட்டும் எழுதலாம். முன்பு வேறு வாரியத்தில் பிளஸ் டூ எழுதிச் சிலவற்றில் மட்டும் தேறியவர், தேறிய இரண்டு பாடங்கள் வரை அந்த மதிப்பெண்ணையே மாற்றிக்கொள்ளலாம். பழைய மதிப்பெண் பட்டியலுக்குக் கால வரம்பு உண்டு. எனவே அதைத் தேடி எடுத்துக்கொண்டு, சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும்போதே மதிப்பெண் மாற்றத்தையும் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் அந்தப் பாடங்களையும் எழுத வேண்டியதாகிவிடும்.